மறுப்பவனின் கடன்: கத்தோலிக்கத் திருச்சபைக்கு எதிரான சீர்திருத்தச் சபையாரின் கண்டன நூல்களை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

பிறர் கொள்கையை மறுத்துத் தன் கொள்கையை நிறுவுதல் நூல் செய்வோரின் பணிகளுள் ஒன்றாகத் தமிழ் மரபில் ஏற்கப்பட்டு வந்துள்ளது. நன்னூலார் கூறும் எழுவகை மதங்களுள், பிறர் மதத்தை முதலில் மேற்கொண்டு பின்னர்க் களைதலும் ஒன்றாகும். சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளாக அமைந்துள்ளது. அதன் பரபக்கம் பிற சமயத்தாரின் கூற்றை எடுத்துரைத்த பின்னரே அதற்கு மறுதலை கூறுகிறது. எதிர்க்கட்சியின் முழு வலிமையும் அங்கு எப்போதும் வெளிப்படுகிறதா என்பது தனி ஆய்வுக்குரியது. எனினும் மேற்கொள்ளுதல் களைதலுக்கு முற்பட்ட செயலாக வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. இது நூலமைப்பு முறை மட்டுந்தானா, அன்றி இதனுள் ஓர் அறக்கடமையும் அடங்கியுள்ளதா? ஒரு கொள்கையை மறுப்பவன் அக்கொள்கை உடையவனுக்குக் கடன்பட்டிருக்கிறானா? கடன்பட்டிருப்பின் அக்கடன் எத்தகையது?

இவ்வினாவை 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சீர்திருத்தச் சபையார் எனப்படும் புராட்டஸ்டன்டு கிறித்தவர்கள் கத்தோலிக்கத் திருச்சபைக்கு எதிராக எழுதிய கண்டன நூல்களின்வழி ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. அவ்விரு சாராருள் எவர் கொள்கை சரியானது என்பது இங்கு ஆராயப்படவில்லை. இதே காலத்தில் கத்தோலிக்கர் எழுதிய கண்டன நூல்களுக்கும் இவ்வினா பொருந்தும். ஆயினும் ஒருபாலாரின் நூல்களை மட்டும் எடுத்துக்கொள்வது ஆய்வெல்லைக்கு உதவும்.

1. கண்டனத்தின் களம்

1517ஆம் ஆண்டு மார்ட்டின் லூதர் பாவமன்னிப்புச் சீட்டு வணிகத்திற்கு எதிராக 95 கருத்துரைகளை முன்வைத்தார். அவை இலத்தீன் மொழியில், பல்கலைக்கழகச் சொற்போருக்குரிய வடிவில் எழுதப்பட்டவை. அவ்வடிவத்தில் மறுப்புரைக்க எவருக்கும் இடமுண்டு. மறுமொழியை எதிர்நோக்கியே அவை எழுதப்பட்டன எனலாம். மூன்றாண்டுகளில் நிலை மாறியது. 1520ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் தம்மை எச்சரித்த போப்பாண்டவரின் ஆணைமடலை விட்டன்பர்க் நகரில் லூதர் எரித்தார். அதே ஆண்டில் ஜெர்மானிய மொழியில் பொதுமக்களை நோக்கியும் எழுதினார். அச்சு இயந்திரம் இவ்வெழுத்துகளைச் சில வாரங்களுக்குள் நகர்தோறும் கொண்டு சேர்த்தது.

இம்மாற்றத்தில் மொழியும் வாசகரும் மட்டுமன்றி விளிக்கப்படுபவரும் மாறினர். சொற்போரில் மறுப்புரை எதிராளியை நோக்கிச் சொல்லப்படுகிறது. அச்சிட்ட கண்டன நூலில் அது எதிராளியைப் பற்றி மூன்றாமவரிடம் சொல்லப்படுகிறது. எதிராளி இல்லாத இடத்தில் அவனைப் பற்றிப் பேசும்போதுதான் அவனுக்கு நாம் பட்ட கடன் என்ன என்ற வினா கூர்மை பெறுகிறது.

2. மறுமொழிக்கு இடமில்லாத கண்டனம்

1521ஆம் ஆண்டு விட்டன்பர்க்கில் வெளியான ‘கிறித்துவின் பாடுகளும் அந்திக்கிறித்துவும்’ எனும் பொருள்படும் தலைப்புடைய சிறுநூல், லூக்காஸ் கிரானாக்கின் பட்டறையில் உருவான 26 மரச்செதுக்குப் படங்களைக் கொண்டது. படங்கள் இணை இணையாக அமைந்துள்ளன. ஒருபுறம் கிறித்து சீடரின் காலடிகளைக் கழுவுகிறார். மறுபுறம் போப்பாண்டவர் தம் காலை முத்தமிடக் காட்டுகிறார். எழுத்தறியாதவரும் ‘படிக்க’த்தக்க இந்நூலின் ஆற்றல் மறுக்கவியலாதது. திருச்சபைத் தலைமையின் செல்வச்செருக்கைச் சுட்டியதில் உண்மையும் இருந்தது. எளிமையைப் போதித்த ஒருவரின் பெயரால் ஆடம்பரம் நிகழ்கிறது என்னும் குற்றச்சாட்டைக் கத்தோலிக்கச் சான்றோர் பலரும் முன்னரே எழுப்பியிருந்தனர்.

இங்குச் சிக்கல் கடுஞ்சொல்லில் இல்லை. ‘அந்திக்கிறித்து’ என்னும் கருத்தாக்கத்தில் உள்ளது. விவிலிய மரபில் அந்திக்கிறித்து என்பவன் வஞ்சகத்தால் நல்லவனாகத் தோன்றுபவன். ஒரு பதவியை அந்திக்கிறித்துவின் இருக்கை எனத் துணிந்தபின், அப்பதவியினர் கூறும் எந்த விடையும் விடையாக ஏற்கப்படாது. அவர் தவற்றை ஒப்புக்கொண்டால் குற்றம் உறுதியாகும். மறுத்தால் வஞ்சகம் உறுதியாகும். நற்செயல் புரிந்தால் அது வேடமாகும். எந்தச் சான்றாலும் பொய்யாக்க முடியாத கூற்று மறுப்பு ஆகாது. அது தீர்ப்பு. 1545ஆம் ஆண்டு, டிரெண்ட் பொதுச்சங்கம் கூடவிருந்த வேளையில், போப்பாண்டவர் ஆட்சி அலகையால் நிறுவப்பட்டது என்னும் கருத்துடைய தலைப்பில் லூதர் தம் இறுதிக்காலக் கண்டன நூல்களுள் ஒன்றை வெளியிட்டார். சங்கம் என்ன சொல்லவிருக்கிறது என்பதைக் கேட்கும் நிலையை அவர் கடந்துவிட்டிருந்தார். சங்கம் கூட்டப்பட வேண்டும் என ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன் கோரியவரும் அவரே.

எனினும் லூதரின் எழுத்துகளிலேயே இதற்கு மாறான ஓரிடமும் உண்டு. 1528ஆம் ஆண்டு, குழந்தைத் திருமுழுக்கை ஏற்காத மறுதிருமுழுக்காளரை எதிர்த்து எழுதியபோது, திருமுழுக்கு, விவிலியம், நற்கருணை முதலிய கிறித்தவச் செல்வங்கள் பலவும் போப்பாண்டவரின் ஆட்சிக்கு உட்பட்ட திருச்சபையிலிருந்தே தமக்கு வந்து சேர்ந்தன என அவர் வெளிப்படையாக ஏற்றார். போப்பின் திருச்சபையிலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்றை விலக்கினால் எஞ்சுவது ஏதுமில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். வேறோர் எதிராளியை நோக்கித் திரும்பியபோதே முதல் எதிராளிக்குப் பட்ட கடன் அவர் எழுத்தில் புலனாகிறது. அதை அவர் எப்போதும் அறிந்திருந்தார். கத்தோலிக்கரை நோக்கிய நூல்களில் அதனைச் சொல்ல அவருக்கு வாய்ப்பில்லாமற் போயிற்று என்றே கொள்ளத் தோன்றுகிறது.

3. ஒரு சொல்லும் அதைச் சொன்னவனும்

தமிழாய்வாளர்க்கு மிக நெருக்கமான கண்டனப் போர் வில்லியம் டிண்டேலுக்கும் தாமஸ் மூருக்கும் இடையில் நிகழ்ந்தது. அது பெரும்பாலும் மொழிபெயர்ப்புச் சொற்களைப் பற்றியது. டிண்டேல் ஆங்கிலத்தில் பெயர்த்த புதிய ஏற்பாடு 1526ஆம் ஆண்டு வோம்ஸ் நகரில் அச்சாயிற்று. அதில் ‘எக்ளேசியா’ என்னும் கிரேக்கச் சொல்லை அவர் ‘சர்ச்’ என்னாது, ‘கூட்டம்’ எனும் பொருள்படும் ‘காங்கிரிகேஷன்’ எனப் பெயர்த்தார். குருவானவரைக் குறித்து வழங்கிய சொல்லை ‘மூத்தவர்’ எனும் பொருளில் பெயர்த்தார். மூர் 1529ஆம் ஆண்டு வெளியிட்ட உரையாடல் நூலில் இதனைக் கண்டித்தார். டிண்டேல் 1531ஆம் ஆண்டு விடையிறுத்தார். மூர் 1532, 1533 ஆகிய ஆண்டுகளில் மிக விரிந்த மறுப்பு நூலை எழுதினார்.

இருவர் பக்கமும் வலுவான வாதம் இருந்தது. ஒரு சொல்லின் பொருளை அகராதி மட்டும் தீர்மானிப்பதில்லை. அச்சொல்லை நூற்றாண்டுகளாக வழங்கிவரும் சமுதாயமே தீர்மானிக்கிறது என்பது மூரின் நிலைப்பாடு. மூலச்சொல் கிரேக்கத்தில் உலகியல் கூட்டங்களுக்கும் வழங்கியது. ஆகவே அதைக் குருமார் அமைப்புக்கு மட்டும் உரியதாக்கல் பொருந்தாது என்பது டிண்டேலின் நிலைப்பாடு. மேலும் மூரின் நெருங்கிய நண்பரான எராஸ்மஸ் தம் இலத்தீன் மொழிபெயர்ப்பில் இதே பொருளுடைய சொல்லைக் கையாண்டபோது மூர் ஏன் கண்டிக்கவில்லை எனவும் டிண்டேல் வினவினார். எராஸ்மசிடம் தீய நோக்கத்தைத் தாம் காணவில்லை என்பது மூர் தந்த விடை.

இவ்விடை சிந்திக்கத்தக்கது. ஒரே சொல், ஒருவர் எழுதினால் மொழிபெயர்ப்பு, மற்றொருவர் எழுதினால் சமயப் புரட்டு. கூற்றை விட்டுக் கூறியவனின் உள்ளத்தை ஆராயும்போது வாதம் தன் இயல்பை இழக்கிறது. டிண்டேலும் இக்குற்றத்திற்கு விலக்கானவர் அல்லர். மூர் பொருளுக்காக எழுதுகிறார் என அவர் குற்றஞ்சாட்டினார். ஆயர்கள் தர முன்வந்த பெருந்தொகையைத் தாம் ஏற்கவில்லை என மூர் பின்னர் எழுத நேர்ந்தது. ‘எக்ளேசியா’ குறித்த வாதத்தை எவரும் மூலநூலைக் கொண்டு சரிபார்க்கலாம். பிறன் உள்ளத்தைப் பற்றிய குற்றச்சாட்டை எவ்வாறு சரிபார்ப்பது? மூர் 1535ஆம் ஆண்டும் டிண்டேல் 1536ஆம் ஆண்டும் கொல்லப்பட்டனர். பொருளாசைக்காகவோ வஞ்சகத்திற்காகவோ எழுதியவர்கள் அவ்வாறு உயிர் கொடுத்திருக்கமாட்டார்கள் எனக் கொள்வது தவறாகாது.

4. எதிராளியின் நூலைத் தன் நூலுள் அச்சிடல்

16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப்பின் மற்றொரு வகைக் கண்டன நூல் வளர்ந்தது. ஜெர்மனியில் மார்ட்டின் கெம்னிட்ஸ் 1565 முதல் 1573 வரை நான்கு பகுதிகளாக டிரெண்ட் பொதுச்சங்கத்தின் முடிவுகளை ஆராய்ந்து எழுதினார். சங்கத்தின் தீர்மானத்தை முதலில் தந்து, பின்னர் அதனை ஆராய்வது அவர் முறை. இங்கிலாந்தில் வில்லியம் பெர்க்கின்ஸ் அந்நூற்றாண்டின் இறுதியில் எழுதிய நூலில், ஒவ்வொரு பொருளிலும் கத்தோலிக்கரோடு தாம் உடன்படும் இடம் எது என்பதை முதலில் வரையறுத்து, அதன்பின்பே வேறுபடும் இடத்தைக் கூறினார். இவையும் கடுமையான கண்டன நூல்களே. ஆயினும் அவற்றைப் படிப்பவர் கத்தோலிக்கர் என்ன கூறுகின்றனர் என்பதை அறிந்துகொள்ள இயலும்.

இவ்வகையில் ஜான் ஜூவல், தாமஸ் ஹார்டிங் இருவரிடையே நிகழ்ந்த போர் மிகுந்த கவனத்திற்குரியது. 1559ஆம் ஆண்டு இலண்டன் புனித பவுல் பேராலய முற்றத்தில் ஆற்றிய உரையில் ஜூவல் ஓர் அறைகூவல் விடுத்தார். கிறித்து பிறந்தபின் முதல் 600 ஆண்டுகளுக்குள் எழுந்த திருமறை, திருத்தந்தையர் உரை, சங்க முடிவு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றிலிருந்து, தாம் குறிப்பிடும் கத்தோலிக்க வழக்கங்களுக்குத் தெளிவான ஒரு சான்று காட்டினால் தாம் பணிவதாக அவர் கூறினார். அந்திக்கிறித்து வாதத்திலிருந்து இது முற்றிலும் வேறானது. தோல்விக்கு ஒரு நிபந்தனையைத் தானே விதித்துக்கொண்ட வாதம் இது. நாடு விட்டு லூவேன் நகரில் வாழ்ந்த ஹார்டிங் 1564ஆம் ஆண்டு விடை எழுதினார். 1565ஆம் ஆண்டு ஜூவல் வெளியிட்ட மறுமொழி, ஹார்டிங்கின் நூலைப் பகுதி பகுதியாக அச்சிட்டு, ஒவ்வொன்றன் கீழும் தம் விடையைத் தருகிறது. ஹார்டிங்கின் நூல்கள் இங்கிலாந்துக்குள் கரவாகவே கொண்டுவரப்பட்டன. ஆகவே அந்நாட்டு வாசகர் பலர்க்கு ஹார்டிங்கின் சொற்களை அச்சமின்றிப் படிக்கும் வழி ஜூவலின் மறுப்பு நூலாகவே இருந்தது.

எனின், எதிராளியின் சொற்களை முழுமையாகத் தருவதொன்றே நீதியாகிவிடுமா? ஆகாது என்பதற்கும் இந்நூலே சான்று. ஹார்டிங்கின் உரையருகே பக்க ஓரத்தில் அவர் கூறிய ‘பொய்கள்’ எண்ணிட்டுக் காட்டப்பட்டுள்ளன. ஹார்டிங்கும் பின்னர் ஜூவலின் பொய்களை எண்ணத் தொடங்கினார். சொற்கள் இருந்தன, கேட்கும் செவி குறைந்திருந்தது.

இவ்விருவர் வரலாற்றில் மற்றோர் உண்மையும் உண்டு. ஆறாம் எட்வர்டு காலத்தில் ஹார்டிங் சீர்திருத்தக் கொள்கையினர். மேரி அரசி காலத்தில் கத்தோலிக்கத்திற்குத் திரும்பினார். அதே மேரி அரசி காலத்தில், 1554ஆம் ஆண்டு, ஜூவல் அச்சத்தால் கத்தோலிக்கக் கொள்கைகளுக்குக் கையொப்பமிட்டார். 1555ஆம் ஆண்டு பிராங்க்பர்ட்டில் சபையார்முன் அதற்காக வருந்தினார். ஒருவர் மற்றவரிடம் கண்டித்த நிலையில் தாமும் ஒருகால் நின்றிருந்தனர். எதிராளி நாம் நின்றிருந்த, அல்லது நிற்க நேர்ந்திருக்கக்கூடிய இடத்தில் நிற்பவன். இதனை இவ்விருவரினும் நன்கு அறியத்தக்கவர் அரியர். இருந்தும் அவர்தம் எழுத்தில் இவ்வறிவு இரக்கமாக மாறவில்லை, கடுமையாகவே மாறிற்று.

5. ஒரு தடையும் விடையும்

இங்கு வலுவான ஒரு தடை எழக்கூடும். எதிராளிக்கு நீதி செய்க என்பது அச்சமின்றி வாழ்பவர்க்கு எளிது. டிண்டேல் வேட்டையாடப்பட்டவர். மேரி அரசியின் ஆட்சியில், 1555 முதல் 1558 வரை, ஏறத்தாழ 300 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். எரிப்பவனின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைக்குமாறு எரிக்கப்படுபவனிடம் கேட்பது அறமாகுமா?

இத்தடையை எளிதில் ஒதுக்க இயலாது. துன்புறுவோரின் கடுஞ்சொல்லை அதிகாரத்தில் உள்ளோரின் கடுஞ்சொல்லோடு ஒரே நிறையில் வைத்தல் முறையன்று. ஆயினும் கடுஞ்சொல் வேறு, திரித்துரைத்தல் வேறு. முன்னது பொறுத்தற்குரியது. பின்னது துன்புறுவோரின் சான்றையே கெடுக்கவல்லது. ஜான் ஃபாக்ஸ் 1563ஆம் ஆண்டு வெளியிட்ட மறைசாட்சியர் வரலாறு இதனை நன்கு காட்டுகிறது. கத்தோலிக்கரான நிக்கலஸ் ஹார்ப்ஸ்ஃபீல்டு 1566ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் ஃபாக்சின் பிழைகளை விரிவாகச் சுட்டினார். ஃபாக்ஸ் சினந்து விடையிறுத்தார். ஆனால் 1570ஆம் ஆண்டுப் பதிப்பில் பிழைகள் சிலவற்றைத் திருத்தவும் செய்தார். நண்பர் காணாத பிழையை எதிராளி கண்டார். அதனால் மறைசாட்சியர் வரலாறு வலுப்பெற்றதேயன்றி நலிவுறவில்லை.

மேலும் அதிகாரம் கைமாறும். ஜூவல் ஆயராக இருந்தபோது ஹார்டிங்கே அகதி. முதலாம் எலிசபெத் அரசி காலத்தில், 1575ஆம் ஆண்டு, மறுதிருமுழுக்காளர் சிலர்க்கு எரித்துக் கொல்லும் தண்டனை விதிக்கப்பட்டபோது, அவர்தம் கொள்கையை முற்றிலும் வெறுத்த ஃபாக்ஸ், அவர்களை எரிக்கலாகாது என அரசிக்கு மடல் எழுதினார். அம்மடல் பயன் தரவில்லை, இருவர் எரிக்கப்பட்டனர். எனினும், தம்மவர் துன்பத்தை எழுதிய கை அயலாரின் துன்பத்திற்காகவும் எழுதியது என்பதே அந்நூலாசிரியரின் நேர்மைக்குத் தக்க சான்று எனலாம். துன்பத்தில் கற்றது அதிகாரத்தில் நினைக்கப்படுமாயின், அதுவே கடன் செலுத்தப்பட்டதற்கு அடையாளமாகும்.

6. தமிழில் இப்போரின் எதிரொலி

ஐரோப்பாவின் இக்கண்டனப் போர் 18ஆம் நூற்றாண்டில் தமிழ்மண்ணையும் அடைந்தது. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடி வந்த லூத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கு, 1708ஆம் ஆண்டு தொகுத்த தமிழ் நூற்பட்டியலில் கத்தோலிக்கர் எழுதிய தமிழ் நூல்களையும் குறித்துள்ளார். அவற்றைக் கற்றே கிறித்தவக் கருத்துகளுக்குரிய தமிழ்ச் சொற்களை அவர் பெற்றார். தம் கொள்கைக்கு ஒவ்வாதனவற்றை நீக்கிப் பயன்படுத்தவும் செய்தார். கத்தோலிக்கர் நூற்றாண்டுக்கு மேலாக வழங்கிவந்த ‘சருவேசுரன்’ என்னும் சொல்லை அவரும் ஆண்டார். வீரமாமுனிவரோ வேத விளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகிய நூல்களில் தரங்கம்பாடியாரை மறுத்ததோடு, அவர்தம் விவிலியத் தமிழின் நடையையும் கடிந்தார்.

தமிழ் உரைநடை வரலாற்றில் இந்நூல்கள் நடையின்பொருட்டே பெரிதும் பேசப்பட்டுள்ளன. அவை எதிராளியின் கூற்றை எங்ஙனம் எடுத்துரைக்கின்றன என்னும் நோக்கிலான ஆய்வு மிகுதியும் தேவை. கத்தோலிக்கத்தை மறுக்க வந்தவர் கத்தோலிக்கரின் சொற்களைக் கொண்டே பேச வேண்டியிருந்தது என்பது, லூதர் 1528ஆம் ஆண்டு ஏற்ற உண்மையின் தமிழ் வடிவமேயாகும். மறுப்பவனிடம் உள்ள மொழியிற் பாதி மறுக்கப்படுபவன் தந்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மறுப்பவனின் கடன் மூவகைப்படும் எனத் துணியலாம். எதிராளியின் கூற்றை அவன் தன்னுடையது என ஏற்கும் வடிவில் எடுத்துரைத்தல் முதலாவது. அவன் உள்ளத்தை விடுத்து அவன் கூற்றை மறுத்தல் இரண்டாவது. தன் கூற்று எச்சான்றால் வீழும் என்பதை முன்னரே சொல்லுதல் மூன்றாவது. கெம்னிட்சும் பெர்க்கின்சும் முதற்கடனை ஓரளவு செலுத்தினர். டிண்டேல், மூர் இருவரும் இரண்டாவதில் தவறினர். ஜூவல் மூன்றாவதைத் தொடங்கிவைத்தார். ஆயின் விடை வந்தபோது அதனைக் கேட்கும் பொறுமை அவரிடம் குறைந்தது.

1999ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும், மனிதர் இறைமுன் நீதியுடையவராக ஏற்கப்படுவது பற்றிய கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. அவ்வறிக்கையில் எடுத்துரைக்கப்பட்டவாறு கொள்ளும்போது, 16ஆம் நூற்றாண்டின் கண்டனங்கள் மற்றவரின் போதனைக்குப் பொருந்தா என இருசாராரும் ஏற்றனர். வேறுபாடுகள் அனைத்தும் நீங்கிவிடவில்லை. எனினும் இருவரும் ஒருவர் கொள்கையை மற்றவர் சரிவர எடுத்துரைக்க முயன்ற பின்னரே இது இயன்றது. நான்கு நூற்றாண்டுகள் தவணை கடந்து செலுத்தப்பட்ட கடன் இது. அதற்குள் செலுத்த முடியாத வட்டியாகப் பல உயிர்கள் போயின.

இது சமயத்தார்க்கு மட்டும் உரிய பாடம் அன்று. மூலநூலைப் பாராது, பிறர் மறுப்பில் கண்ட மேற்கோளைக் கொண்டே ஒருவரை மறுக்கும் வழக்கம் நம் ஆய்வேடுகளிலும் அருகியதன்று. இக்கட்டுரையாளரும் தம் முனைவர் பட்ட ஆய்வில் ஓர் உரையாசிரியரை அவருக்கு எதிரானவரின் உரைவழியாகவே மறுத்து எழுதி, பின்னர் மூல உரையைக் கண்டு அப்பகுதியை முற்றிலும் மாற்ற நேர்ந்தது. மாற்றியபின் மறுப்பு சிறியதாயிற்று, ஆனால் நிலைத்தது. பிறர் மதத்தை மேற்கொண்டு களைதல் எனும் நெறியில் ‘மேற்கொள்ளல்’ முன்னே நிற்பது நூலமைப்பு கருதி மட்டுமன்று. அறம் கருதியும் ஆகும் எனக் கொள்வதே பொருத்தமுடையது.